கேட் திறந்திருந்த நாள்

"மேடம், நம்ம ஊர்ல நேரத்துக்கு ஓடற ஒரே ரயிலு இதான்," என்றான் கிறிஸ்டோ. "டிக்கெட் குடுத்தா பெங்களூருக்கு இதுலயே போயிடுவேன். காலை மட்டும் கொஞ்சம் மடக்கிக்கணும்."

ராதிகா தன் உதவியாளனைக் கண்டுகொள்ளவில்லை. உரிகாம் பங்களாவின் பெரிய ஹாலில், சுவரோரமாகப் போட்ட மேசைகளின் மேல் கோலார் தங்க வயல் முழுவதும் சின்ன மாதிரியாக விரிந்து கிடந்தது. பங்காரப்பேட்டையில் தொடங்கி மாரிக்குப்பத்தில் முடியும் தண்டவாளம், தொழிலாளர்களின் தகரக்கூரை லைன் வீடுகள், சுரங்க வாயிலின் இரும்புக் கோபுரங்கள், தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் சாம்பல் நிறத்தில் குவிந்த சயனைடு மேடுகள். மரங்கள் தேங்காய் நாரிலும் ஸ்பாஞ்சிலும் செய்தவை. மனிதர்கள் நகத்தளவு உயரம்.

இதைக் கட்டியவர் சாம்ராஜ். ஒருகாலத்தில் சுரங்கக் கம்பெனியின் சரக்குப் பாதைக்கு சூப்பர்வைசர். இப்போது சக்கர நாற்காலி, நடுங்கும் கைகள். குரல் மட்டும் நடுங்கவில்லை.

"வீட்ல நாலு பேருக்கு முன்னாடி நான் வச்சது ஒண்ணு, மறுநாள் இருக்கறது ஒண்ணு," என்றார் அவர். "நான் செய்யல. ஆனா டாக்டர் என்ன சொல்றார்? நீங்களே செஞ்சுட்டு மறந்துடறீங்கன்னு. கோலாருக்குக் கூட்டிப்போய் மறதி நோய்னு சர்டிபிகேட் வாங்கி வச்சிருக்கான் என் அக்கா மகன் இவான். வீட்டுக்கு வர்ற எல்லார்கிட்டயும் மறதி மறதின்னு புலம்பிட்டிருக்கேன். எனக்கு மறதியா, இல்ல எவனோ விளையாடறானா? அதை மட்டும் கண்டுபிடிங்க."

நர்ஸ் இந்து காபியோடு வந்தாள். ஒல்லியான உடம்பு, நாற்பதை நெருங்கும் வயது. சாம்ராஜ் டம்ளரை வாங்கி உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, அவள் கண்ணெதிரே தரையில் கவிழ்த்தார்.

"ஆறிப்போச்சு. துடைச்சுட்டு வேற கொண்டா."

அவள் உட்கார்ந்து துடைத்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. ராதிகா பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். போலீஸில் சப்-இன்ஸ்பெக்டராக இருந்துவிட்டு ராபர்ட்சன்பேட்டையில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்தவள் அவள். பெரிய வீடுகளில் இதைவிட மோசமானதையும் பார்த்திருக்கிறாள். பார்த்ததைப் பற்றிப் பேசாமல் இருக்கவும் பழகியிருக்கிறாள்.

"என்னென்ன மாறியிருக்கு, காட்டுங்க," என்றாள்.

மாறியது எல்லாம் ஒரே இடத்தில்தான். மூலையில் பாலகாட் சுரங்கத்துப் பக்கம் ஒரு சரக்குப் பாதையும் அதைக் கடக்கும் ரோடும். அங்கே ஒரு சின்ன கேட். ரயில் வரும்போது தானாக இறங்க வேண்டிய கேட்டின் கம்பு இறங்காதபடி அடியில் ஒரு குச்சி சொருகப்பட்டிருந்தது. ரோட்டில் நின்ற கறுப்புக் காருக்குப் பச்சை வர்ணம் பூசித் தண்டவாளத்தின் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். காரின் பின்னால் இரண்டு பொம்மைகள், ஒரு ஆண், ஒரு பெண். எஞ்சினைக் கழற்றி, வேகன்களுக்குப் பின்னால் மாட்டியிருந்தார்கள்.

"டிக்கியில சரக்கு இருக்குதான்னு தேடறாங்க போல," என்றான் கிறிஸ்டோ, அந்தப் பொம்மைகளைக் காட்டி.

"இது எந்த கேட் சார்?" என்று கேட்டாள் ராதிகா.

"பழைய கேட். இப்ப இல்ல." சாம்ராஜ் அதோடு நிறுத்திக்கொண்டார். சற்று முன்புவரை ஒவ்வொரு ஸ்டேஷனின் கூரை ஓடுகளைப் பற்றியும் கால் மணி நேரம் பேசியவர்.

ராதிகா கைப்பிடியைத் திருகி ரயிலை ஓட்டினாள். அது கொஞ்சம் ஓடியது, திக்கியது, நின்றது. விரலால் தள்ளிவிட்டால் மறுபடி ஓடியது. ஜன்னல் வழியாக வரும் சயனைடு மேட்டுத் தூசி தண்டவாளத்தில் படிந்தால் கரண்ட் சரியாக ஏறாது, நாள்தோறும் துடைக்க வேண்டும், கை நடுங்க ஆரம்பித்த பிறகு துடைக்க ஆளில்லை என்று சலித்துக்கொண்டார் சாம்ராஜ். கோரமண்டல் ஸ்டேஷனில் திக்கியது. சாம்பியன் ஸ்டேஷனில் நின்றே போனது. ஆனால் அந்தப் பழைய கேட்டை நெருங்கியதும் வெண்ணெயில் இறங்கிய கத்தி மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. திறந்த கேட்டுக்குள் நுழைந்து, பச்சைக் காரை இடித்துத் தள்ளியது.

ராதிகா குனிந்து தண்டவாளத்தை மோந்தாள்.

"என்ன மேடம், மல்லிப்பூவா?"

"நீயே பாரு."

கிறிஸ்டோ மோந்தான். "ஊசி போடறதுக்கு முன்னாடி தேய்ப்பாங்களே, அந்த ஸ்பிரிட்டு."

"மத்த இடத்துல தூசி. இங்க மட்டும் கண்ணாடி மாதிரி துடைச்சிருக்கு. பொருளை மாத்தி வச்சுட்டுப் போனா போதும்னு நினைக்கிறவங்க தண்டவாளத்தைத் துடைக்க மாட்டாங்க. இந்த இடத்துல ரயிலு நிக்காம வரணும்னு யாரோ ஆசைப்பட்டிருக்காங்க."

அவள் இடிபட்ட காரை எடுத்து மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

அப்போது இவான் உள்ளே வந்தான். பெங்களூரில் வேலை, வாரக்கடைசியில் மட்டும் வருவான். வந்ததும் வராததுமாக, "மாமா இன்னிக்கு எப்படி? பேரெல்லாம் ஞாபகம் இருக்கா?" என்று சாம்ராஜைத் தாண்டி ராதிகாவிடம் கேட்டான்.

"எச்சக்காக்கா," என்றார் சாம்ராஜ். "நான் செத்தா வீடு, பைத்தியமானாலும் வீடு. எது முதல்ல வந்தாலும் இவனுக்குச் சம்மதம்."

கிறிஸ்டோ ராதிகாவின் காதருகே குனிந்தான். "கேஸ் முடிஞ்சுது மேடம். காக்காவே வந்து உக்காந்துடுச்சு."

ராதிகா எஞ்சினைத் தூக்கி இவானிடம் நீட்டினாள். "கொஞ்சம் இதைப் பின்பக்கம் மாட்டிக் குடுங்களேன், எனக்குக் கண்ணு சரியில்ல."

இவான் மாட்டப் பார்த்தான். முன்சக்கரம் உட்கார்ந்தால் பின்சக்கரம் எழுந்தது. எஞ்சினைக் கவிழ்த்தான். இரண்டு லைன் வீடுகளைச் சாய்த்தான். வியர்த்தான்.

"இவரு மாட்டி முடிக்கறதுக்குள்ள பாசஞ்சருங்க நடந்தே பெங்களூரு போயிடுவாங்க," என்று முணுமுணுத்தான் கிறிஸ்டோ. பிறகு அவனே தலையைச் சொறிந்தான். "அப்போ இவரு இல்ல."

இந்து புதுக் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். போகிற போக்கில், சாய்ந்த எஞ்சினைப் பார்த்து, இரண்டு விரலால் எடுத்து, ஒரு அசைப்பில் தண்டவாளத்தில் உட்கார வைத்துவிட்டுப் போனாள். தான் செய்ததை அவளே கவனித்த மாதிரி தெரியவில்லை. கிழவர்களின் மெலிந்த நரம்பைத் தேடி ஊசி ஏற்றிப் பழகிய விரல்கள் அவை.

ராதிகாவும் கிறிஸ்டோவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

*

யார் என்று தெரிந்துவிட்டது. ஏன் என்று தெரிய வேண்டும். அந்த கேட்டைப் பற்றிக் கேட்க ஸ்கெலட்டன் என்ற பழைய தொழிலாளர் குடியிருப்புக்குத்தான் போக வேண்டியிருந்தது. அங்கே தண்ணீர் லாரி வந்திருந்தது. குடங்களோடு முட்டி மோதிய கூட்டத்தில், எல்லோரையும் முழங்கையால் விலக்கிக்கொண்டிருந்த பார்வதம்மாவைக் காட்டினார்கள். கம்பெனி கேட் எல்லாவற்றையும் பற்றி அவளுக்குத் தெரியாதது இல்லையாம்.

"பாலகாட் கேட்டா? அதைப் பத்தி இன்னாத்துக்கு இப்ப கேக்குற?" என்றாள் பார்வதம்மா. "இந்தக் குடத்தைப் புடி மொதல்ல."

கிறிஸ்டோ குடத்தைப் பிடித்தான்.

"நாகேஷ்னு ஒருத்தன் கேட்டுல வேலை பாத்துனு இருந்தான். குடிச்சுட்டு கேட்டைத் தொறந்து வுட்டுட்டான்னு கேஸு. சோறு எடுத்துனு வந்த அவன் பொண்டாட்டி நளினியே வண்டியில மாட்டி செத்துப்போச்சு. பொண்டாட்டியைக் கொன்னவன்னு ஊரே காறித் துப்புச்சு. பொணத்தைப் பாக்கக்கூட அவனை வுடல. கோலார் கோர்ட்டுல தண்டனை. ஜெயில்ல இருந்து வந்தவன் ரொம்ப நாள் இல்ல. போயிட்டான்."

"குடிப்பாரா அவரு?"

"மோந்துகூடப் பாக்கமாட்டான்னு அவன் அக்கா சொல்லும். ஆனா சூப்பர்வைசரே சாட்சி சொன்னாரே. சாம்ராஜ் சார். வாயில நாத்தம் அடிச்சுதுன்னு பைபிள் மேல கைய வச்சு சொன்னாரு."

"கொழந்தைங்க?"

"ஒரே பொண்ணு. இந்துன்னு பேரு. அத்தைக்காரி குடியாத்தம் கூட்டினு போயிட்டா. நர்ஸு படிச்சுதுன்னு கேள்வி. ஏம்ப்பா, குடத்தை நேரா புடிக்க மாட்டியா? பாதித் தண்ணி உன் கால்ல போவுது."

"அங்க பச்சைக் காரு ஏதாவது நின்னுச்சா?" என்று கேட்டாள் ராதிகா.

"காரா? கார் ஏது? காரைப் பத்தி ஒருத்தரும் சொல்லலியே."

திரும்பி வரும்போது கிறிஸ்டோ நனைந்த பேன்ட்டின் ஓரத்தை முறுக்கிப் பிழிந்தான். பிறகு, "எல்லாம் ஒத்துப்போவுது மேடம். கார் மட்டும் கதையில இல்லியே?" என்றான்.

"அப்ப அவ கொழந்தை. எதையோ எதோடயோ கலந்து நினைச்சிட்டிருப்பா," என்றாள் ராதிகா. "அப்பன் குடிகாரன்னு ஒத்துக்க மனசு வராது. உண்மையைச் சொன்ன மனுஷன் மேல கோபம். பாவம்தான். ஆனா நமக்கு அதுக்கா ஃபீஸ் குடுத்தாங்க?"

சொல்லும்போது நியாயமாகத்தான் தோன்றியது. ஆபீஸில் உட்கார்ந்து அறிக்கையை டைப் செய்தாள். சாம்ராஜுக்கு மறதி நோய் இல்லை. மாதிரி ரயிலில் நடந்த மாற்றங்களைச் செய்தவர் நர்ஸ் இந்து. காரணம், தந்தையின் வழக்கு குறித்த பழைய பகை. கீழே கையெழுத்துப் போட்டாள்.

*

சாம்ராஜ் அறிக்கையை நிதானமாகப் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வியப்பே இல்லை.

"நாகேஷோட பொண்ணு. அதான் அந்த மூக்கு," என்றார். "முதல் நாள் கேட் தொறந்து கிடந்தப்பவே எனக்கு இது எந்த நாள்னு தெரிஞ்சு போச்சு மேடம். எஞ்சின் பின்னாடி போனதும் சந்தேகமே இல்ல. யாரோ ஒருத்தர் அன்னிக்குப் பாத்திருக்காங்க. யாருன்னுதான் தெரியல. நானே விசாரிச்சா எனக்கு ஞாபகம் இருக்குன்னு ஆயிடுமே? அதனால மறதி, மறதின்னு வாய்விட்டுப் புலம்பினேன். நீங்க வந்து தேடிக் குடுத்துட்டீங்க."

ராதிகா மேசை மேலிருந்த காரைக் காட்டினாள். "பச்சைக் கார்..."

"என்னோடது. அப்பதான் புதுசா வாங்கினேன்." அவர் கைப்பிடியைத் திருகினார். சின்ன ரயில் மெல்ல நகர்ந்தது. "சாப்பாட்டு நேரம். கேட் மூடியிருந்துது. தொறடான்னேன். வண்டி வருது சார்னான். நான் யாருன்னு தெரியுமில்ல, தொறடான்னேன். தொறந்தான். சனியன், கார் நடுவுல நின்னு போச்சு. எஞ்சின் பின்னாலேர்ந்து வேகனைத் தள்ளிட்டு வருது. டிரைவருக்கு முன்னாடி என்ன இருக்குன்னே தெரியாது. எனக்குக் கதவைத் தொறக்கக்கூடக் கை வரல."

கிறிஸ்டோ அந்த இரண்டு பொம்மைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். காரின் பின்னால், கைகளை முன்னால் நீட்டி நின்ற ஆணும் பெண்ணும்.

"தள்ளினாங்க," என்றான் அவன்.

"தள்ளினாங்க," என்று தலையாட்டினார் சாம்ராஜ். "கார் தப்பிச்சுது. நானும் தப்பிச்சேன். அவனும் ஓரமா விழுந்துட்டான். அவ புடவை மாட்டிக்கிச்சு."

ராதிகா கைப்பிடியைத் திருப்பி ரயிலை நிறுத்தினாள்.

"உங்க உயிரைக் காப்பாத்தினவனைக் குடிகாரன்னு சொன்னீங்களா?" என்றாள் ராதிகா.

"வேற என்ன சொல்றது? கேட்டை யார் தொறக்கச் சொன்னதுன்னு கேப்பாங்களே. அவனும் சொல்லத்தான் செஞ்சான். குடிகாரன் பேச்சை யார் கேப்பாங்க? அதுக்குத்தானே முதல்ல அதைச் சொன்னேன்." அவர் அறிக்கையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "இப்ப போலீஸைக் கூப்பிடப் போறேன். இந்த நர்ஸ் மாத்திரையை மாத்திக் குடுத்து என்னைப் பைத்தியமாக்கப் பாத்தாள்னு எழுதிக் குடுப்பேன். சாட்சி நீங்க. உங்க கையெழுத்து இருக்கு. அப்பன் போன இடத்துக்கு அவளும் போகட்டும்."

ராதிகா ஜெயிலுக்கு அனுப்பிய ஆட்கள் உண்டு. அடித்து உண்மை வாங்கியதை அறிந்தும் அறியாத மாதிரி இருந்த நாட்களும் உண்டு. ஆனால் தன் கையாலேயே ஒரு பெண்ணைப் பிடித்து, அவள் தாயைக் கொன்றவன் மடியில் கொண்டுபோய் வைத்தது இதுதான் முதல் தடவை. அடுத்த கணமே அவளுக்குள் இருந்த பழைய சப்-இன்ஸ்பெக்டர் விழித்துக்கொண்டாள்.

"கூப்பிடுங்க சார். ஆனா யார் நம்புவா?"

"என்ன?"

"நீங்க மறதி நோயாளி. டாக்டரே எழுதிக் குடுத்திருக்கார். வீட்டுக்கு வந்த எல்லார்கிட்டயும் நீங்களே உங்க வாயால சொல்லியிருக்கீங்க. உங்களுக்குப் புத்தி இருக்குன்னு சொல்ற ஒரே காகிதம் உங்க மடியில இருக்கு."

அவள் எட்டி அதை உருவினாள். சாம்ராஜின் கைகள் காற்றைப் பிடித்தன.

"இதைக் கிழிச்சுட்டா நீங்க போலீஸ்ல கத்தக் கத்த, இவான் பின்னாடி நின்னு, பாவம் மாமாவுக்கு முத்திப்போச்சுன்னு சொல்வாரு. ஏதாவது ஒரு ஹோம்ல கட்டில்ல கட்டிப் போடுவாங்க. நீங்க உண்மை சொன்னாலும் பைத்தியம், பொய் சொன்னாலும் பைத்தியம்."

முதல்முறையாக அந்தக் கிழவர் முகத்தில் பயம் தெரிந்தது. ராதிகாவுக்கு அது இனித்தது. அந்த இனிப்பை அவள் மறைக்கக்கூட முயலவில்லை.

"வேணாம்," என்றார் சாம்ராஜ். "மேடம், வேணாம். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. நீங்களே சொன்னீங்க இல்ல?"

"நானா? எப்போ?" என்றாள் ராதிகா. "டேய் கிறிஸ்டோ, நான் ஏதாவது சொன்னேனா?"

"எனக்கும் மறதி மேடம்," என்றான் கிறிஸ்டோ.

அவள் காகிதத்தின் நடுவில் விரலை வைத்தாள்.

"கிழிக்காதீங்க."

சமையலறைக் கதவில் இந்து நின்றிருந்தாள். கையில் சாம்ராஜின் கஞ்சிக் கிண்ணம். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நேராக வந்தாள்.

"உன்னைக் காப்பாத்தத்தாம்மா கிழிக்கிறேன்," என்றாள் ராதிகா.

"இன்னா காப்பாத்துறீங்க? இவ்ளோ நாள் மூத்திரம் அள்ளி, சோறு ஊட்டி, தினமும் ஒரு பொம்மையை மாத்தி வச்சு எதுக்குக் காத்துனு இருந்தேன்? இவரு வாயால அதைச் சொல்லணும்னுதான். இப்ப சொல்லிட்டாரு. நீங்க ரெண்டு பேரும் கேட்டீங்க. இவரைப் பைத்தியம்னு ஆக்கிட்டா அதுவும் பைத்தியம் பேசின பேச்சுதானே? எங்கப்பா குடிகாரனாவே இருந்துடுவாரு."

ராதிகாவின் விரல் காகிதத்திலேயே நின்றது. கிழித்தால் மகள் தப்புவாள், தகப்பன் குற்றவாளியாகவே கிடப்பான். கிழிக்காவிட்டால் கிழவனுக்குப் புத்தி திரும்பிவிடும், கூடவே அவன் புகாருக்கும் உயிர் வந்துவிடும்.

"இதைக் குடுத்தா உன் மேல கேஸ் போடுவான் இவன்," என்றாள். "நீ மாத்திரையை மாத்தினேன்னு சொல்லுவான். என் கையெழுத்தே உனக்கு எதிரா நிக்கும்."

"போடட்டும்."

"இந்து, கோர்ட்டுன்னா என்னன்னு உனக்குத் தெரியாது."

"எனக்கா தெரியாது?" அவள் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "அன்னிக்கு நான் கேட் ரூம் வாசல்லதான் நின்னுனு இருந்தேன் மேடம். எங்கம்மா தள்ளினதைப் பாத்தேன். இவரு கதவைப் பூட்டிக்கினு உள்ளயே குந்தினு இருந்ததைப் பாத்தேன். போலீஸ் வந்துச்சு, கம்பெனி ஆளுங்க வந்தாங்க. எனக்கு பிஸ்கட்டு குடுத்தாங்க. நீ இன்னா பாத்தேன்னு மட்டும் ஒருத்தரும் கேக்கல. இப்ப என்னைக் கூண்டுல ஏத்தினா, ஏன் பண்ணேன்னு கேட்டுதானே ஆவணும்? கேக்கட்டும்."

ராதிகா கிறிஸ்டோவைப் பார்த்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாமளும் போய்க் கூண்டுல நிப்போம் மேடம். கேட்டதைச் சொல்லுவோம்," என்றான்.

அவள் காகிதத்தைச் சாம்ராஜின் மடியில் திருப்பி வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. தன் புத்திக்கான அத்தாட்சி மடியில் கிடக்க, அதை ஏதோ ஊர்கிற பிராணியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கேஸ் எதுவும் குடுக்கலயே," என்றார் மெதுவாக. "சும்மா பேச்சுக்குச் சொன்னேன். இந்தும்மா, இங்க பாரு, எல்லாம் பழைய கதை. விட்டுடலாம்."

இந்து மேசை மேலிருந்த அவருடைய போனை எடுத்தாள். ஸ்டேஷன் நம்பரை அழுத்தினாள். சக்கர நாற்காலியின் அருகே மண்டியிட்டு, தினமும் சோறு ஊட்டுகிற அதே பொறுமையோடு போனை அவர் காதில் வைத்துப் பிடித்தாள்.

மறுமுனையில் மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். "ஹலோ, போலீஸ் ஸ்டேஷன். யாரு பேசறது?"

சாம்ராஜின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

"என் மேல கேஸ் குடுக்கணும்னீங்களே, பேசுங்க ஐயா," என்றாள் இந்து.